என் போர்டுக்கு நீங்கள்தான் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கையைக் கட்டிக்கொண்டும் இருபத்திரண்டு வருடமாக உயிரோடு இருக்கும் மாப்பிள்ளை, கடை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டியதில்லை. போன மாதம் வந்தபோது உங்கள் சட்டைப் பொத்தான்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழை இருந்தால் பெரிய மனசு பண்ணுங்கள், அதற்கும் இடம் இருக்கிறது உங்களிடம்.

முதலில் முக்கியமான சேதி. “மாசக் கடைசிக்குள்ள கடையை மூடிட்டு நம்ம பிளாஸ்டிக் வாளி கிடங்குக்கு வந்துடுங்க மாப்ளே, வாசல் கேட் பக்கத்துல நாற்காலி போட்டுத் தர்றேன்” என்றீர்களே, அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் வரவில்லை. கடை பிழைத்துக்கொண்டது.

எப்படி என்று கேளுங்கள். என் மூக்குக்கண்ணாடிக் கடை வணிக வளாகத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் கரண்ட் பில் கொண்டுவருகிறவருக்கும் மட்டும்தான் தெரியும் என்பதுதான் சிக்கலே. நகராட்சி விதிப்படி எந்தக் கடையும் தன் வாசல் அகலத்துக்கு மேல் போர்டு வைக்கக் கூடாது, எழுத்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, அடுத்தவர் சுவரைத் தொடவே கூடாது. என் வாசல், நீங்கள் பக்கவாட்டில் திரும்பி நுழைகிற அகலம். ஒரு சாண் எழுத்தை எட்ட நின்று படிக்க முடிகிறவனுக்கு என் கடை எதற்கு மச்சான்? படிக்க முடியாதவனோ நேரே முன்பக்க மருந்துக்கடைக்குள் போய் நிற்கிறான், அவர்கள் ஒரு கண் சொட்டு மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், நான் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து மேலே ஏறுகிறவர்களின் செருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, தெருவோரம் இரண்டடிக்கு ஓரடியில் ஒரு அம்புக்குறி போர்டாவது வைக்கலாம் என்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா, தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

“விதியில இடமில்லைங்க. விதிவிலக்கு கேட்டு மனு போடுங்க. மனு போட்டா, ஜனங்களுக்குத் தெரியறதுக்காகத் தெருவோரமா ஒரு அறிவிப்புப் பலகை வைக்கணும்.”

“எவ்வளவு பெருசும்மா?”

“ஆறடிக்கு நாலடி. மஞ்சள்ல கறுப்பு எழுத்து. வண்டியில போறவங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்.”

“ரெண்டடி போர்டுக்கு அனுமதி கேக்க ஆறடி போர்டாம்மா?”

“அது போர்டு இல்லைங்க. அறிவிப்பு.”

“அப்போ அறிவிப்பையே வச்சுக்கட்டுமா?”

அப்போதுதான் நிமிர்ந்தார். “முடிவு வர்றதுக்கு முன்னாடி எடுத்தா அபராதம். வந்தப்புறம் வச்சிருந்தா அபராதம்.”

அவர்கள் கொடுத்த வாசகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி வைத்தேன்: ‘இவ்வளாகத்தின் பின்புறம், மாடிப்படிக்குக் கீழுள்ள மூக்குக்கண்ணாடிக் கடை, எவர் கண்ணுக்கும் தென்படாத காரணத்தால் விதிவிலக்கு கோருகிறது.’ அவ்வளவுதான் மச்சான், கண்ணுக்குத் தெரியாத கடையைப் பார்க்க ஊரே திரண்டு வந்துவிட்டது. முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் வந்து, “எங்கய்யா கடை?” என்றார். “உள்ளேதான் நிக்கிறீங்க” என்றேன். அவருக்கே ஒரு கண்ணாடி மாட்டி அனுப்பினேன்; இத்தனை நாள் அவர் ஓட்டிய பஸ்ஸில் போனவர்களை நினைத்து எனக்குக் குலை நடுங்கியது. இப்போது படிக்கட்டில் வரிசை நிற்கிறது. உங்கள் தங்கை மதியச் சாப்பாடு கொண்டுவந்தால் அவளையே, “வரிசையில வாங்கம்மா” என்கிறார்கள். அவள் என்னைப் பார்த்து முறைத்த முறைப்புக்குக் கண்ணாடியே வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கமும் தெரிந்திருக்கும்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. அடுத்த வாரம் விசாரணை. அனுமதி கொடுத்துத் தொலைத்தார்கள் என்றால் ஆறடிப் பலகை போய் இரண்டடி அம்புக்குறிதான் மிஞ்சும். இந்த வட்டாரத்தில் தொழில் செய்கிற யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால் வழக்கு ஒரு வருடம் இழுக்குமாம், அதுவரை பலகையை யாரும் அசைக்க முடியாதாம். உங்கள் கிடங்கு இதே வட்டாரம். ஆகவே நீங்கள் வந்து, ‘இந்த ஆளுக்கு அனுமதி தரக் கூடாது’ என்று கனமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சிலிருந்து வீட்டில் சொல்லி வருவதுதானே, ஒரு தடவை அலுவலகத்தில் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்? குறைந்தாலும் நல்லதுதான். விஷயம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். உங்கள் தங்கையிடம்கூட நான் மூச்சுவிடவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, மாமாவைப் போல் இல்லாமல், அப்பாவைப் போலவும் இல்லாமல் முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
படிக்கட்டுக்கு அடியிலிருந்து,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அலுவலகத்து அம்மா நேரிலேயே வந்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. பலகையின் அடியில் எறும்பு சைஸில் ஒரு வரி இருக்கிறது, ‘ஆதரிப்போர் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்’ என்று. அதை இதுவரை ஒருத்தரும் படித்ததில்லையாம். நான் மாட்டிவிட்ட கண்ணாடியோடு அறுபத்திரண்டு பேர் படித்துவிட்டு, நேரே போய் எனக்கு ஆதரவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! முதல் கையெழுத்து உங்கள் தங்கை. எதிர்ப்பே இல்லாததால் விசாரணை தேவையில்லையாம், அனுமதி கொடுத்துவிட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்குள் பலகையை எடுக்க வேண்டும். மச்சான், அந்த கேட் பக்கத்து நாற்காலிக்குக் கை வைத்திருக்கிறதா, வெறும் முக்காலியா?