எட்டுப் பேர் வைத்த ட்ரை

பத்திரிகை கடைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பள்ளிக்கூட வாசலிலேயே ரொய்மாட்டாவை மடக்கிவிட்டார் கசாப்புக்கடை கிரெய்க்.

“நீதானே எழுதுன?” சுருட்டிய பத்திரிகையால் தன் மார்பைத் தட்டிக்கொண்டார். “அந்த ட்ரைய வச்சது நான்மா! ஹேமின்னு போட்டிருக்க!”

ரொய்மாட்டா பத்திரிகையை வாங்கி விரித்துப் பார்த்தாள். பதினோராம் வகுப்பு படிக்கும் அவளுடைய முதல் விளையாட்டுச் செய்தி அது. அதுவரை வாரம் ஒருமுறை வரும் அந்தப் பத்திரிகையில் காணாமல் போன பூனைகளைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். “ரக்பிய ஒரு தடவ எழுதிப் பாரு. சரியா வந்தா இந்த சீசன் பூரா உனக்குத்தான்” என்று ஆசிரியர் ஷோனா சொல்லியிருந்தார்.

போன சனிக்கிழமை அரையிறுதி. அவர்கள் ஊரான டோட்டாரா க்ரீக்குக்கும், என்றைக்கும் ஆகாத பக்கத்து ஊரான ஸ்டோனி ரீச்சுக்கும். கொட்டுகிற மழை. கடைசி நிமிடத்தில் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் ஆள் மேல் ஆளாக விழுந்து ஒரே சேற்றுக் குன்று. அடியில் யாரோ பந்தைத் தரையில் வைத்து அழுத்த, நடுவர் விசில் ஊத, ரக்பியின் கோலான ‘ட்ரை’ விழுந்து ஜெயித்துவிட்டோம் என்று டோட்டாரா க்ரீக்கே மைதானத்துக்குள் பாய்ந்தது.

அந்த ‘யாரோ’ யார் என்பதுதான் சிக்கல். சரியாக அந்த நேரம் பார்த்துக் காற்று ரொய்மாட்டாவின் குடையைப் பின்பக்கமாக மடக்கிவிட்டது. அதோடு மல்லுக்கட்டி அவள் நிமிர்ந்தபோது குன்று மட்டும்தான் தெரிந்தது. எல்லார் சட்டையும் ஒரே நிறம், சேற்று நிறம். பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள். “ஹேமியாத்தான் இருக்கும்” என்றார் அவர். அவள் ‘இருக்கும்’ என்பதை விட்டுவிட்டு ‘ஹேமி’யை மட்டும் எழுதிக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க அங்கிள். இணையப் பக்கத்துல இன்னிக்கே மாத்திடறேன்.”

மதிய இடைவேளையில் மாற்றினாள். ‘ட்ரை வைத்தவர் கிரெய்க். தவறுக்கு வருந்துகிறோம்.’ அப்பாடா என்று பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கடிப்பதற்குள் போன் அடித்தது. ஹேமியின் அம்மா.

“ஏண்டி, நீ எழுதுனத வெட்டி, கண்ணாடி போட்டு, சுவத்துல மாட்டிட்டேன். ஆக்லாந்துல இருக்கிற எங்க அக்காவுக்குப் போன்ல வரி வரியாப் படிச்சுக் காட்டிட்டேன். இப்பப் போய் கிரெய்க்குன்னு மாத்துறியே, எத்தன கிலோ சாசேஜ் குடுத்தான் உனக்கு?”

“ஐயோ ஆன்ட்டி, அப்படியெல்லாம் இல்ல...”

“எம்புள்ள பொய்யா சொல்லுவான்?”

ரொய்மாட்டா யோசித்தாள். இருவரையும் சமாதானப்படுத்த ஒரே வழிதான் தெரிந்தது. ‘ஹேமியும் கிரெய்க்கும் ஒரே நேரத்தில் பந்தை அழுத்தினார்கள்’ என்று போட்டாள்.

பள்ளி முடிந்து வெளியே வந்தால், வாயில் வீக்கத்தோடு ஸ்டூ நின்றுகொண்டிருந்தான். அணியிலேயே குட்டையானவன்.

“அடியில கெடந்தவன் நான். அவனுங்க ரெண்டு பேரும் என் முதுகுமேல கெடந்தானுங்க. என் பல்லு ஒண்ணு இன்னும் அந்தச் சேத்துலதான் இருக்கு. போய்த் தோண்டிப் பாரு!”

பல்லையே சாட்சியாக வைப்பவனிடம் என்ன வாதாடுவது? அவன் பெயரையும் சேர்த்தாள். மூன்று பேர் என்றதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குள் அந்த ஒரே ட்ரையை எட்டுப் பேர் வைத்திருந்தார்கள்.

மறுநாள் பயிற்சியில் ஹேமி கிரெய்க்குக்குப் பந்து கொடுக்கவில்லை. கிரெய்க் ஸ்டூவுக்குக் கொடுக்கவில்லை. ஸ்டூ பந்தைக் கட்டிக்கொண்டு யாருக்குமே கொடுக்கவில்லை. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

ஷோனா போன் செய்தார். “நாளைக்கு ஃபைனல். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டேங்கறானுங்களாம். நீதானே நேர்ல பாத்த? போய் யாருன்னு அடிச்சுச் சொல்லிட்டு வா.”

“சரி” என்று சொல்லிவிட்டு ரொய்மாட்டா கிளப்புக்கு நடந்தாள்.

கிளப் அறையில் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். உண்மையைச் சொன்னால் மறுபடியும் பூனைச் செய்திகள்தான், வேறு வழியில்லை.

“நான் பாக்கவே இல்ல” என்றாள். “குடை மடங்கிடுச்சு. நிமிந்து பாத்தா நீங்க எல்லாரும் குமிஞ்சு கெடந்தீங்க. யாரோ சொன்னத எழுதிட்டேன். அப்புறம் யார் யார் திட்டுனீங்களோ அவங்க பேரயெல்லாம் எழுதிட்டேன். அவ்வளவுதான்.”

திட்டப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹேமி தொண்டையைச் செருமினான். “உண்மையச் சொல்லணும்னா... என் கண்ணு பூரா சேறு. பேப்பரப் பாத்துதான் நானே தெரிஞ்சுக்கிட்டேன்.”

“அடப்பாவி!” என்று எழுந்தார் கிரெய்க். ஓரடி வைத்துவிட்டு நின்றார். “என் கையில என்னமோ தட்டுப்பட்டுச்சுடா. பந்துன்னுதான் நெனச்சேன்.”

“அது என் மண்ட!” என்றான் ஸ்டூ.

முதலில் சிரித்தது பயிற்சியாளர். பிறகு அறையே சிரித்தது. கிரெய்க் ஸ்டூவின் மண்டையைத் தடவிக் கொடுத்தார். “அந்தப் பல்லத் தேடித் தரேன்டா” என்றான் ஹேமி. ரொய்மாட்டா பெஞ்சிலிருந்து இறங்கி, போனில் ஷோனாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

எதிர்முனையில் ஷோனா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். “இப்பச் சொன்னியே, இதை இப்படியே எழுது. நாளைக்கு மேட்சுக்கும் நீதான் போற. ரெயின்கோட்டு போட்டுக்கிட்டுப் போ.”

கேட்க வேண்டியவர் இன்னும் ஒருவர்தான் பாக்கி, அரையிறுதிக்குப் பிறகு அவள் கண்ணிலேயே படாதவர். அவரும் அந்நேரம் கதவைத் திறந்துகொண்டு நொண்டி நொண்டி உள்ளே வந்தார். கொலின். மற்ற நாளில் மாட்டு டாக்டர், சனிக்கிழமையில் நடுவர்.

“டாக்டர், நல்லவேளை வந்தீங்க!” என்று ஓடினாள் ரொய்மாட்டா. “நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. அந்த ட்ரைய வச்சது யாரு?”

கொலின் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“ஸ்டோனி ரீச் ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?”

“யாரும் இல்ல.”

கதவைச் சாத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

“என் காலு உங்க எல்லாருக்கும் அடியில மாட்டிக்கிச்சுப்பா. எந்திரிங்கடான்னுதான் விசில் ஊதுனேன், அதுக்குள்ள நீங்க ஜெயிச்சுட்டீங்க!”