கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்

உண்மையைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள், ஒருமுறையாவது தூத்துக்குடி துறைமுகச் சாலையில் வெள்ளைப் பொடியோடு போலீஸிடம் மாட்ட வேண்டும். நான் மாட்டியிருக்கிறேன். அதுவும் வரப்போகும் மாமனாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு.

அப்போது நான் மக்கும் பிளாஸ்டிக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அந்த பிளாஸ்டிக் மக்குவதில் காட்டும் ஆர்வத்தைப் பாரம் தாங்குவதில் காட்டாது. கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுவதுபோல உள்ளே எதையாவது வைத்து அதை வலுப்படுத்த வேண்டும். நான் வைத்தது ஒருவகைக் களிமண். பார்த்தால் மைதா மாவு. ஆனால் அதன் ஒவ்வொரு துகளும் ஒரு குழாய். தலைமுடியை அதன் பக்கத்தில் வைத்தால் பனைமரம் மாதிரி இருக்கும், அவ்வளவு மெல்லிசு. (இதைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் விளக்கினேன். பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.)

துறைமுகத்துப் பக்கம் பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருந்த ஒருவர், தன் இயந்திரத்தில் என் கலவையை ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருந்தார். பை நன்றாக வந்தால் எனக்கு அங்கேயே வேலை. வேலை கிடைத்தால்தான் கல்யாணத் தேதி என்று, ஏரல் பக்கம் நெல் விவசாயம் பார்க்கும் மாமா கறாராகச் சொல்லியிருந்தார். அன்று காலை அவரே மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். துறைமுகக் குடியிருப்பில் ஒரு நண்பரைப் பார்க்க வேண்டுமாம். "நான் அந்தப் பக்கம்தான் போறேன், ஏறுங்க மாமா" என்றேன். அன்று சனி என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

பொடியை நான் கட்டியிருந்த அழகையும் சொல்லிவிடுகிறேன். கலப்பதற்கு வசதியாகச் சின்னச் சின்ன கவர்களில் சம எடையாகப் பிரித்து, ஈரம் படாமல் டேப் சுற்றி, பழைய துண்டில் பொதிந்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். தொழில்முறைக் கடத்தல்காரன்கூட இவ்வளவு பக்குவமாகக் கட்டியிருக்க மாட்டான்.

வழியில் வாகனச் சோதனை. "சீட்டத் தெற" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

திறந்தேன்.

"என்னதுலே இது?"

"குழாய் சார்."

அவர் துண்டை உதறினார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். "குழாய எங்க?"

"இதுதான் சார். பொடி முழுக்கக் குழாய்தான். கண்ணுக்குத் தெரியாது."

அவர் ஏட்டையாவிடம் திரும்பி, "பய இப்பவே ஏத்தியிருக்கான் போல" என்றார். பிறகு என்னிடம், "எங்க கொண்டு போற?"

"பார்ட்டி வெயிட் பண்றாங்க சார். வெளிநாட்டுச் சரக்கு." (இந்த இரண்டு வாக்கியங்களையும் நானாகத்தான் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை.)

"எதுக்கு?"

"பிளாஸ்டிக்குல கலக்க சார். அது மக்கும், ஆனா பிய்யாது."

"மக்கணுமா, பிய்யக் கூடாதா? ஏதாவது ஒண்ணச் சொல்லுலே!"

பிறகு மாமாவிடம் கேட்டார்: "அண்ணாச்சி, இவன் ஒங்களுக்கு யாரு?"

மாமா என்னைப் பார்த்தார். பொடியைப் பார்த்தார். நடுவில் மகளின் எதிர்காலத்தையும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

"யாருன்னே தெரியாது சார். வெயிலா இருக்கேன்னு கையக் காட்டுனேன். லிஃப்ட் குடுத்தான்."

வேலை போச்சு, பெண் போச்சு, இனி ஜாமீன் கிடைக்குமா என்பதுதான் பாக்கி. கடைசி நம்பிக்கையாக என் பேராசிரியருக்குப் போன் போட்டு எஸ்.ஐ.யிடம் நீட்டினேன். "ஆமா சார், குழாய்தான்! ரெண்டு பக்கமும் தொறந்திருக்கும்!" என்று அவர் உற்சாகமாகச் சொன்னது எனக்கே கேட்டது.

எஸ்.ஐ. போனைத் திருப்பித் தந்தார். "இவரும் ஒங்க கூட்டமா?"

ஒருவழியாக ஜீப்பில் சோதனைப் பெட்டி வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து மருந்தை ஊற்றினார்கள். நிறம் மாறினால் போதைப்பொருளாம். அது களிமண் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தச் சாலையில் இல்லை. ஆனாலும் திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். நிறம் மாறவில்லை. இன்னொரு கவரைப் பிரித்தார்கள். அதிலும் மாறவில்லை.

"வெறும் மண்ணுலே இது!" என்றார் எஸ்.ஐ.

என் ஆராய்ச்சியை யாராவது வெறும் மண் என்று சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நான். அன்று அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

அதுவரை தூரத்தில் வேலிமர நிழலில் நின்றிருந்த மாமா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மாப்ளே! நா அப்பமே நெனச்சேன்!"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஏன் அண்ணாச்சி, லிஃப்ட் குடுக்கவனுக்கெல்லாம் பொண்ணும் குடுத்துருவியளோ?"

கம்பெனி முதலாளி நல்லவேளையாகக் காத்திருந்தார். பை வந்தது, பாரம் தாங்கியது, வேலையும் கிடைத்தது. அதற்கு முன்னால், குடியிருப்பு வாசலில் இறங்கும்போதே மாமா என் கையைப் பிடித்து, "வீட்டுல யார்ட்டயும் சொல்லிராதிய மாப்ளே" என்றார். நானும் சரி என்றேன். அன்று மாலை அவர் மகளிடம் மட்டும்தான் சொன்னேன். அதற்கப்புறம் வேறு யாரிடமும் சொல்லத் தேவைப்படவில்லை.

இப்போது என் மகளுக்கு அவர் 'லிஃப்ட் தாத்தா'. தெருவில் எல்லார் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவர் ஏதோ பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஆப்பரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவும் மறுப்பதில்லை. எத்தனை மாடி என்று கேட்டால், பதினாலு என்கிறார்.