ரேடியேட்டருக்குள் ஒரு பூதம்

யெர்மோலாய் வருகிறாராம்! ரஷ்யாவின் உரால் மலையடியில் அந்தச் சின்ன ஊரில் முதல் பனி விழுந்த அன்றிலிருந்து இதே பேச்சு. ரொட்டிக்கடை வரிசையில் இதே பேச்சு, டிராமில் இதே பேச்சு. அமைச்சர் வந்தால் ஜன்னலைக்கூடத் திறக்காத சனங்கள், யெர்மோலாய் பெயரைக் கேட்டதும் அடுப்பில் சூப்பைப் பொங்கவிட்டு ஓடிவந்தார்கள்.

யார் இந்த மகான்? ரேடியேட்டருக்குப் பேயோட்டுகிறவர். சிரிக்காதீர்கள். ஊர்க் கொதிகலனில் கொதிக்கிற தண்ணீர் குழாய்வழி ஏறி, ஒவ்வொரு வீட்டு ஜன்னலடியிலும் நிற்கிற இரும்பு ரேடியேட்டரைச் சுடவைக்க வேண்டும். சுடாமல் வெதுவெதுவென்று கிடந்தால்? குழாயைப் பார்ப்பவன் நாத்திகன். பக்தன் பார்ப்பது தமவோயை. தமவோய் வீட்டுப் பூதம். அந்தக் காலத்தில் அடுப்புக்குப் பின்னால் குடியிருந்தது. அடுப்பு போய் ரேடியேட்டர் வந்ததும் நாகரிகமாக அதற்குள் குடிமாறிக்கொண்டது. கோபம் வந்தால் சூட்டையெல்லாம் விழுங்கிவிடுமாம்.

யெர்மோலாய் வருவார். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். உள்ளே முணுமுணுவென்று மந்திரம். பிறகு 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீளமான சீறல். பூதம் புறப்பட்டுவிட்டது! கொஞ்ச நேரத்தில் இரும்பு கொதிக்கும். வெளியே நிற்பவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

காசு? சேச்சே, மகான் காசைத் தொடுவாரா! பூதம் எந்தச் சாமானில் ஒட்டிக்கொண்டு வந்ததோ, அந்தச் சாமானை மட்டும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். ஓட்டை வாளியில் ஒரு பூதமும் ஒட்டியதாகச் சரித்திரம் இல்லை. வெள்ளிக் கரண்டி, ஆட்டுரோமச் சால்வை, தேநீர் கொதிக்கிற செம்புச் சமோவார் என்று நல்ல ரசனையுள்ள பூதங்கள்.

இந்த வருஷம் பூதம் பிடித்துக்கொண்டது ராயிசாவின் அக்கார்டியனை.

ராயிசா உச்சியில், ஐந்தாம் மாடியில் தனியாக இருப்பவள். மழலைப் பள்ளியில் குழந்தைகள் ஆட, தோளில் மாட்டி விரித்து மடிக்கிற துருத்திப் பெட்டியான அக்கார்டியனை வாசிப்பது அவள் வேலை. அந்தப் பெட்டி போனால் வேலை போகும், வேலை போனால் சோறு போகும். அவள் வீட்டிலும் அதற்கு நேர் கீழே உள்ள எல்லா வீட்டிலும் ரேடியேட்டர்கள் ஆறிப்போன தேநீர் மாதிரிக் கிடந்தன. மாடிப்படியில் கூட்டம் கூடியது. யெர்மோலாய் கண்ணை மூடி மூக்கை உறிஞ்சினார்.

"பழைய மரவீட்டை விட்டு வந்தப்போ, தமவோயைச் செருப்புல உக்கார வச்சுக் கூப்பிட்டுக்கிட்டு வந்தியாம்மா?"

"இல்லையே," என்றாள் ராயிசா.

"அடிப்பாவி!" என்று வாயைப் பொத்தினாள் கட்டடக் குழுத் தலைவி கபித்தோலினா. "வீடு மாறுறப்ப செருப்பு கொண்டு வராத சென்மம் உண்டா?"

"செருப்பு இல்லேன்னதும் அது அக்கார்டியனுக்குள்ள ஏறிக்கிச்சு," என்றார் யெர்மோலாய். "பெட்டி இந்தக் கூரைக்குக் கீழ இருக்கிறவரைக்கும் சூடு ஏறாது."

"குடுத்துரு ராயிசா," என்றாள் கபித்தோலினா. "ஒரு ஓட்டைப் பெட்டிக்காக நாங்க விறைச்சுச் சாவணுமா?"

"என் பொழைப்பே அதுதானக்கா!"

"பொழைப்பு வேற கிடைக்கும்மா. உசுரு கிடைக்குமா?" என்றான் இரண்டாம் மாடிப் பகோம். முன்னாள் படகோட்டி. போன வருஷம் இதே பூதத்துக்குத் தன் சமோவாரைத் தாரைவார்த்தவன். அடுத்தவள் பெட்டியைக் கொடுப்பதில் அந்தக் கட்டடமே கர்ணனாகிவிட்டது.

ராயிசாவுக்கு அழவேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுக்குக் காது கொஞ்சம் கூர்மை. போன வருஷமும் யெர்மோலாய் பூதத்தை ஓட்டியது அவள் வீட்டிலிருந்துதான். எந்த மாடி குளிர்ந்தாலும் மனிதர் ஏறுவது ஐந்தாம் மாடிக்கே. கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்ட அந்தச் சீறல் தினமும் கேட்கிற சத்தம். வாசித்து முடித்ததும் அக்கார்டியனின் ஓரத்துப் பொத்தானை அமுக்கி மடிப்பாள். உள்ளே அடைந்த காற்று அப்படித்தான் 'ஸ்ஸ்ஸ்' என்று போகும். அவர் போன பிறகு ரேடியேட்டர் பக்கத்துச் சுவர்க் காகிதத்தில் துருத்தண்ணீர்ப் புள்ளிகள் வேறு. ரேடியேட்டரின் மேல்மூலையில் ஒரு குட்டி முளை இருந்தது. விரலால் திருகிப் பார்த்திருந்தாள், அசையவில்லை. சாவி வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெட்டியைத் தர்றேன்," என்றாள். "ஒரே ஒரு ஆசை. பழைய வீட்டுல இருந்தப்போ எங்கம்மா பின்னின கம்பளிக் கையுறை எங்கிட்ட இருக்கு. தமவோய்க்குப் பழகின வாசனை. பெரியவர் அதைப் போட்டுக்கிட்டு மந்திரம் சொல்லட்டும்."

"ஆகா, என்ன மரியாதை!" என்று உருகினாள் கபித்தோலினா.

யெர்மோலாய் உருகவில்லை. "அது... என் சக்தி விரல் நுனியில இருக்கும்மா."

"இத்தனை தடிமன் இரும்பைத் தாண்டுற சக்தி, ஒரு கம்பளியைத் தாண்டாதா பெரியவரே?"

கூட்டம் தலையாட்டியது. பக்தர்களுக்கு மகானின் சக்தியில் மகானைவிட நம்பிக்கை அதிகம். அவர் மறுப்பதற்குள் இரண்டு கையிலும் கையுறையை மாட்டியே விட்டார்கள். விரல்கள் தனித்தனியாக இல்லாத, பானைப்பிடி போன்ற முரட்டுக் கையுறை. குழந்தைகள் தொலைக்காமலிருக்க இங்கே கையுறையைச் சட்டைக்கையோடு நாடா போட்டுக் கட்டுவது வழக்கம். ராயிசா நாடாவை நீட்டினாள். பகோம் படகு கட்டுகிற முடிச்சாக இரண்டு போட்டான்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே மந்திரம். வெளியே கதவில் ஒட்டிய காதுகள். மந்திரம் நீண்டது, குரல் உயர்ந்தது, பிறகு கெஞ்சியது. சீறல் மட்டும் வரவில்லை.

'டிங்!'

ஏதோ தரையில் விழுந்த சத்தம். அப்புறம் மந்திரத்தில் இல்லாத ஒரு கெட்ட வார்த்தை.

ராயிசா கதவைத் தள்ளித் திறந்தாள். மகான் நாலு காலில் நின்று, கரடி தேன் துழாவுவதுபோல் ரேடியேட்டருக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார். அவர் முழங்காலருகே ஒரு சின்னப் பித்தளைச் சாவி.

"பூதம் சாவியைப் போட்டுட்டுப் போயிருச்சா பெரியவரே?" என்றாள்.

சாவியை எடுத்து முளையில் மாட்டி, ஒரு கோப்பையைக் கீழே பிடித்து, எல்லோர் முன்னாலும் லேசாகத் திருகினாள். 'ஸ்ஸ்ஸ்ஸ்!' கபித்தோலினா சிலுவை போடக் கையைத் தூக்கிப் பாதியில் நிறுத்தினாள். சீறல் அடங்கி, பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி மகானின் தாடியில் தெறித்தது. ராயிசா முளையை மூடினாள். பிறகு அக்கார்டியனை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். அதே சத்தம்.

"காத்து அக்கா, வெறும் காத்து. உச்சி மாடியில வந்து சேர்ந்து தண்ணியைச் சுத்தவிடாம அடைச்சுக்குது. இங்க திறந்துவிட்டா கீழ எல்லா வீடும் சுடும். அதுக்குத்தான் இந்த ஆள் என் வீட்டையே சுத்துறாரு."

பகோம் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். சூடு ஏறிக்கொண்டிருந்தது. அவன் முகத்திலும்தான். "அடேய், என் சமோவார்!" என்று மகானின் சட்டையைப் பிடித்தான். கையுறை கட்டிய கையால் மகான் கும்பிடக்கூட முடியவில்லை. கீழே வேனைத் திறந்தால், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் புறப்படத் தயாராக, இரண்டு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் இருந்தன. சமோவார் எப்போதோ விலைபோயிருந்தது.

அக்கார்டியன் ராயிசாவிடமே தங்கியது. எல்லோருக்கும் உதவட்டும் என்று சாவியை மாடிப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தாள். சாவிக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கீழே ஒரு தட்டில் பாலும் பிஸ்கட்டும். முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கபித்தோலினா.

ராயிசா பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். "அக்கா, ரேடியேட்டர்ல அடைஞ்ச காத்துக்கு இந்தச் சாவி போதும். மண்டையில அடைஞ்ச காத்துக்குக் கடையில சாவி இல்ல. அதை அவங்கவங்கதான் திருகிக்கணும்!"