மாதா தோட்டத்துக்கு நான் போட்ட உரம்

தாவரவியல் படித்தவன் கையில் செடியைக் கொடுக்காதீர்கள். அனுபவஸ்தன் சொல்கிறேன். என் ஆயுளில் நான் ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் உரம் போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் என்னை யாரும் செடி இருக்கிற பக்கமே விடவில்லை.

எழுபதுகளின் கடைசி. நாங்கள் சாரம் என்ற பேட்டையில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மில்லில் வேலை. என் அக்கா பிலோமினா மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரி ஆவதென்று முடிவெடுத்துவிட்டாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. (எனக்கும்தான். என்னை யார் கேட்டார்கள்?) போவதற்கு முன் மாதாவுக்கு ஒரு தோட்டம் வைத்துவிட்டுப் போகவேண்டுமென்று, கொல்லையில் இருந்த மாதா சுரூபத்தைச் சுற்றி ஒரு வருஷமாகச் செடி வளர்த்தாள். வெள்ளை லீலி மாதாவின் தூய்மைக்கு. சிவப்பு ரோஜா அவர் பட்ட வியாகுலத்துக்கு. பிரெஞ்சு சிஸ்டர் ஒருவர் கொடுத்த ரோமரேன் என்ற வாசனைச் செடிக்கு மட்டும் தனி மரியாதை. மாதா தன் நீல முக்காட்டை அதன்மேல்தான் உலர்த்தினாராம். ஆகஸ்ட் பதினைந்து, விண்ணேற்புத் திருநாளன்று சாமியார் வந்து தோட்டத்தை மந்திரிப்பதாக ஏற்பாடு. அடுத்த வாரம் அக்கா கிளம்பவேண்டும்.

திருநாளுக்கு முன் ஒன்பது நாள் ஜெபிக்கிற நவநாள் தொடங்கிய அன்று அக்கா என்னிடம் சொன்னாள்: "தம்பி, ரோஜாவுல இன்னும் நாலு மொட்டு வந்தா நல்லாருக்கும்டா. நீதான் காலேஜ்ல செடியப் பத்தி படிக்கிறியே."

போதாதா? சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரத்து வைத்திக்குப்பம் போனேன். எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கும் பாக்கியம் அக்கா, "மீன் கழிவ மண்ணுல பொதச்சி, நல்லா மக்கினப்புறம் போடு தம்பி, செடி கும்முனு வரும்" என்றார். மக்குவதற்கு மாதக்கணக்காகும். எனக்கு இருந்ததோ ஒன்பது நாள். பட்டதாரி மூளை (பாதிப் பட்டதாரி, இரண்டாம் வருஷம்) வேலை செய்தது. பக்கத்து மணலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் மீன்தானே? தலையும் உடைசலுமாக ஒரு கோணி நிறைய வாங்கிவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் ஒவ்வொரு செடியின் அடியிலும் புதைத்தேன். கருவாடு என்றால் உப்பு என்பது அடுப்படிப் பக்கம் போன எவருக்கும் தெரியும். நான் படித்தவன்.

மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. சத்துப் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் கொஞ்சம் போட்டேன். ஐந்தாம் நாள் லீலி ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. கோணியில் மிச்சமிருந்த அத்தனையையும் கொட்டினேன். தெருப் பூனைகளெல்லாம் நவநாளுக்கு வருவதுபோல ஒருநாள் தவறாமல் வந்து உட்கார்ந்தன.

"என்னா நாத்தம்டா இது?" என்று அம்மா மூக்கைப் பொத்தினாள்.

"கடல் காத்தும்மா" என்றேன்.

ஏழாம் நாள் ரோமரேனும் போயிற்று. அக்கா அதன் எதிரே வெறும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாதாவுக்கு நான் வாணாம் போலருக்குப்பா" என்றாள்.

அப்பா முகத்தில் ஒரு வருஷமாக நாங்கள் காணாத வெளிச்சம். "அதத்தான் நானும் சொன்னேன். மாதாவே காட்டிட்டாங்க பாரு. வரலேன்னு மடத்து மதருக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுடும்மா."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். 'மாதா இல்லக்கா, நான்தான்.' மூன்றே வார்த்தை. சொல்லவில்லை. அக்கா போகமாட்டாள் என்றதும் எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. இரண்டு நாள் அவள் பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் ஜெபமாலையும் கையுமாகக் கிடந்தாள். நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திருநாள் காலையில் சாமியார் வந்துவிட்டார். அவரை வரவேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கருகிப்போன தோட்டத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு தீர்த்தம் தெளித்தார். ரோஜாவுக்குப் பின்னால் பறண்டிக்கொண்டிருந்த கறுப்புப் பூனைமேல் தண்ணீர் பட்டது. அது ஒரு சாண் வாளைக் கருவாட்டைக் கவ்வியபடி துள்ளி, நேராக அவருடைய அங்கிக்குள் புகுந்தது. அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு பூனை.

"இன்னாது, கருவாடா?" என்றார் அப்பா. எல்லாரும் ஏன் ஒரேயடியாக என்னைத் திரும்பிப் பார்த்தார்களோ தெரியாது.

அம்மா செடியின் அடியைக் கிளறி, ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினாள். "அடப்பாவி! உப்புடா! செடிக்குப் போயி உப்பையா கொட்டுன?"

அக்கா என் பக்கத்தில் வந்தாள். அறையப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப மாதா என்ன வாணாங்கலியாடா?"

இல்லையென்று தலையாட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்த வாரம் ரயிலேறிவிட்டாள். ஒரு வருஷம் வளர்த்த தோட்டத்திலிருந்து ஒரு பூகூட அவள் கையில் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் உண்மையை மறைத்தாலும் மற்றவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மியாவ்." ஆபீஸில் வேலை அதிகம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி மியாவ் என்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்திருந்தாள். முக்காட்டுக்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்: "ஏன்டா தம்பி, அந்த ரெண்டு நாளும் நீ ஏன் வாயத் தொறக்கல?"

"அப்பா ஒதப்பாருன்னு பயந்துட்டேன்க்கா."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"மியாவ்."