முழங்கை வரை ஒரு பகா எண்

குளியலறைக் கண்ணாடிமுன் நின்ற பிரெண்டனுக்குத் தன் முன்கையைப் பார்த்ததும் பல் துலக்குவதே மறந்துபோயிற்று. நேற்றுத்தான் பச்சை குத்திய எண்: 13755731. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். அந்த அழகுக்காகவே குத்திக்கொண்டான்.

ஆனால் எட்டு இலக்கம். இரட்டைப்படை. இலக்கங்கள் இரட்டைப்படையில் இருந்து இருபுறமும் ஒன்றுபோல் படிக்கிற எண்ணைப் பதினொன்று கண்ணை மூடிக்கொண்டு வகுத்துவிடும். திங்கட்கிழமைதான் அதை வகுப்பில் நடத்தியிருந்தான்.

"பகா எண்ணாம், பகா எண்! த்தூ!"

வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவன் வேலையை நிரந்தரமாக்குவதா என்று கணிதத் துறைத்தலைவர் ஹெஸ்டர் இந்த வாரம்தான் முடிவு செய்கிறார். டவுன்ஸ்வில் நகரத்து வெயிலில் மற்றவர்கள் அரைக்கால் சட்டையோடு அலைய, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு வரும் கண்டிப்பான அம்மாள். குத்துவதற்கு முன்பே, போயும் போயும் அவரிடமா பீற்றிக்கொள்வான்?

"எனக்கே எனக்குன்னு ஒரு பகா எண் கண்டுபிடிச்சிருக்கேன் மேடம். கையில குத்திக்கப் போறேன்."

"சரியாச் சோதிச்சீங்களா?" ஹெஸ்டர் தன் கைப்பொத்தானைத் தடவியபடி கேட்டார்.

"கம்ப்யூட்டரே வேண்டாம். மனக்கணக்கு!"

"அப்போ வெள்ளிக்கிழமை பார்பிக்யூ விருந்துல எல்லாருக்கும் காட்டுங்க."

இன்று வெள்ளிக்கிழமை. பச்சை குத்தும் வெய்ன் கடையைத் திறக்குமுன்பே பிரெண்டன் வாசலில் நின்றான்.

"கடைசியில ஒரு ஏழு சேர்த்துடு வெய்ன்."

"என்ன வாத்தியாரே, ராசி நம்பரா?"

"கேக்காதே, குத்து."

வெய்ன் ரத்தத்தைத் துடைக்கும்போதுதான் பிரெண்டன் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தான். முப்பத்தொன்பது. மூன்றால் வகுபடும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

"ஐயோ! பக்கத்துல ஒரு ஒண்ணு போடு. சீக்கிரம்!"

"வலிக்கலையா உனக்கு?"

"வலியா பெருசு? மானம் போகுதுய்யா!"

ஒன்றும் ஏறியது. இப்போதாவது கைபேசியில் தட்டிப் பார்த்திருக்கலாம். தட்டினான், குத்தி முடித்த பிறகு. ஏழு மிச்சமில்லாமல் வகுத்தது. அடுத்த இலக்கத்துக்கு இனி முழங்கை மடிப்பில்தான் இடம்.

பிரெண்டன் நாற்காலியிலேயே தலையைத் தொங்கப்போட்டான்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்கே போவேன்? எல்லார் முன்னாடியும் அந்தம்மா என்னைக் கிழிச்சுத் தொங்கவிடும். வேலை போச்சு வெய்ன். பகா எண் எதுன்னு தெரியாத நானெல்லாம் ஒரு வாத்தியார்!"

வெய்ன் ஊசியைக் கீழே வைத்தான்.

"பயப்படாமப் போய்க் காட்டு வாத்தியாரே. உங்க ஹெஸ்டரம்மா இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைச் சட்டை போடறாங்கன்னு நினைச்சே? அவங்களுக்கு நான் குத்தினது தோளைத் தாண்டிப் போயிடுச்சு, இன்னும் வகுபட்டுக்கிட்டேதான் இருக்கு."