அக்கரை காட்டும் துறை

நெடியாறு என்றொரு ஆறு இருந்தது. அதன் இரண்டு கரைகளும் சேர்ந்து இனி ஒரே நாடு என்று ஒரு காலத்தில் முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள் கட்டித் தழுவிக்கொண்ட ஓவியம் எல்லா அலுவலகங்களிலும் மாட்டப்பட்டிருந்தது. ஒரே கொடி, ஒரே நாணயம், ஒரே படி, ஒரே முழம். புடலங்காய் எவ்வளவு வளையலாம் என்பதற்குக்கூட இரு கரைக்கும் ஒரே சட்டம்தான். நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டுக் காயை நிமிர்த்தாத விவசாயி தண்டம் கட்டினான். மருந்தை மட்டும் அந்தந்தக் கரையின் சொந்த விவகாரம் என்று விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, அது கரைகளின் கௌரவம் சம்பந்தப்பட்டது என்று பதில் வந்தது. கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது.

அந்த நாட்டில் அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். அக்கா அமராவதி மேற்குக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். தங்கை கோசலை கிழக்குக் கரையில் கருவாடு விற்றாள். கோசலையின் தொண்டை அப்படிப்பட்டது. அவள் இங்கே கூவினால் அக்கரைப் பூனைகள் தலைதூக்கிப் பார்க்கும். பொழுது சாயும் நேரம் அவள் படித்துறைக்கு வந்து, "அக்கோவ், சாப்ட்டியா" என்று ஒரு குரல் கொடுப்பாள். அமராவதி அந்தப் பக்கமிருந்து பதில் சொல்வாள். ஆறு அந்த இடத்தில் குறுகல்.

இருவருக்கும் தகப்பன்வழி வந்த நோய் ஒன்று இருந்தது. நெஞ்சிறுக்கம் என்பார்கள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். அதற்கு ஒரு கசப்புக் கஷாயம் கண்டுபிடித்திருந்தார்கள். மேற்கில் அதைக் குடத்தில் வைத்து ஊற்றினார்கள். அமராவதி அதைக் குடித்துவிட்டு விறகுக் கட்டோடு மேடேறினாள். கிழக்கில் அது கிடைக்கவில்லை. ஒரு கிழக்குக் கரை மூச்சு அந்த விலைக்குத் தகுமா என்று மூச்சு மதிப்பீட்டு மன்றம் ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த மன்றத்தில் யாரும் அவசரப்படவில்லை. எல்லோருக்கும் நல்ல மூச்சு.

அமராவதி ஒருமுறை முந்தானைக்குள் ஒரு குப்பியை மறைத்துப் படகேறினாள். படித்துறைக் காவலர் கண்டுபிடித்து, மேற்கின் மருந்து மேற்கில் வரி கட்டியவருக்கே என்று விதியைச் சொல்லி, கஷாயத்தை ஆற்றில் ஊற்றினார். படகோட்டி சடையன் துடுப்பைப் போட்டபடி சொன்னான்: "விடும்மா. இனிமே கெண்டை மீனுக்கு இளைக்காது."

கோசலை அடுக்களைக்குப் போகும் வழியில் நின்று நின்று போக ஆரம்பித்தாள். கருவாட்டுக் கூடையை வேறொருத்தி தூக்கினாள். மாலைக் குரல் ஆற்றின் பாதிவரைதான் வந்தது. அப்போதுதான் அமராவதி, இரு கரையிலும் நோயாளிகளின் வீட்டுக்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்து, ஆற்றின் நடுத்திட்டில் இருந்த பேரவைக்குப் போனாள்.

நலத்துறை அமைச்சர் திருமேனிநாதர் எழுந்து நின்றே அவர்களை வரவேற்றார். நோயாளிகளை நின்று வரவேற்கவேண்டும் என்பது மரபு.

"தங்கள் வேதனையை இந்த அவை உணர்கிறது. உணர்ந்தது குறிப்பிலும் ஏற்றப்படும். வேண்டுவது யாது? ஒரே வாக்கியத்தில் கூறுக. அவைக்கு உணவு வேளை நெருங்குகிறது."

அமராவதி படகில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். "சீக்கு வந்த எல்லாருக்கும், எந்தக் கரையா இருந்தாலும், அரசு அக்கறை காட்டணும் அய்யா. அவ்வளவுதான்."

கருவூல அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "காட்டினால் போதுமா?"

"போதும்ங்க. காட்டுனா போதும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த அவையில் ஒருமனதாக எதுவும் நிறைவேறி வெகுகாலம் ஆகியிருந்தபடியால் உறுப்பினர்களுக்கே கண் கலங்கியது.

அந்நாட்டில் சட்டத்தைக் கல்லில் வெட்டுவார்கள். கல்தச்சன் உளியோடு வந்து தலைமை எழுத்தரிடம் கேட்டான்: "அய்யா, அக்கறைக்குச் சின்ன ரவா, பெரிய றவா?" எழுத்தர் தயிர்சாதத்தில் இருந்தார். "சின்னதே போடு. சிக்கனமா இருக்கட்டும்."

மறுநாள் கல் நாட்டப்பட்டது. நோயுற்றோர் யாவருக்கும் அரசு தவறாமல் அக்கரை காட்டும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அவை கூடியது. பிழை என்று ஒப்புக்கொண்டால் இதற்கு முன் வெட்டிய கற்களையும் யாராவது படித்துப் பார்ப்பார்கள் என்று சட்ட அறிஞர் எச்சரித்தார். "கல்லில் ஏறியது பிழையாகாது. கல்லுக்குத் தக நாடு நடக்கவேண்டும்" என்றார். அப்படித்தான் அக்கரை காட்டும் துறை பிறந்தது.

ஒவ்வொரு படித்துறையிலும் ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டார். சுட்டுவிரலால் காட்டுவதா, முழுக் கையாலா என்று பல அமர்வுகளில் விவாதித்து, முழுக் கையே கண்ணியம் என்று முடிவாயிற்று. சம்பளத்துக்கு வழி வேண்டுமே. கிழக்குக் கரை மருத்துவமனையின் கட்டில்களில் பாதியை ஏலம் விட்டார்கள். நோயாளிகள் தரையில் படுத்தார்கள். தரையிலிருந்து பார்த்தால் அக்கரை தெரியவில்லை என்று ஒரு புகார் வந்தது. அந்தப் புகார் மட்டும் உடனே ஏற்கப்பட்டது. அன்றுமுதல் நோயாளிகள் படித்துறைக்கே நேரில் வரவேண்டும் என்று ஆணை போட்டார்கள்.

கோசலையைச் சடையன்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். பனிக்காலம். ஆறு தெரியாமல் மூடுபனி கிடந்தது. அலுவலர் நல்ல மனிதர். தன் துண்டைக்கூடக் கோசலைக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா. பனி விலகட்டும். தெரியாத கரையைக் காட்டுனா செல்லாதுங்க."

நெஞ்சு நோய்க்காரர்கள் எல்லோரும் பனியில் உட்கார்ந்து இருமினார்கள். வெயில் ஏறிய பிறகு அலுவலர் கையை நீட்டினார்.

"தெரியுதுங்களா? அதான் அக்கரை."

"தெரியுது. எங்க அக்கா... அங்கதான் இருக்கா."

"ரொம்ப நல்லதுங்க" என்றார் அலுவலர் மனசார. "காட்டியாச்சு."

அன்றுமுதல் கோசலை கவனிக்கப்பட்டவர் ஆனாள். கவனிக்கப்பட்டவர் மறுபடி முறையிட முடியாது என்று அடுத்த ஆணை சொன்னது. முதலில் அக்கரை பார்க்காமல் எந்த வைத்தியரும் யாரையும் தொடக்கூடாது என்றது அதற்கு அடுத்தது. ஆண்டு முடிவில் நலத்துறை தன் அறிக்கையை வெளியிட்டது. நாட்டின் வரலாற்றிலேயே இவ்வளவு பேர் கவனிக்கப்பட்டது இல்லை என்று அதில் பெருமையோடு குறிப்பிட்டிருந்தார்கள். அது உண்மைதான். அதுதான் எரிச்சல்.

அமராவதி ஓயவில்லை. அவள் கேட்டது ஓர் எழுத்து. அதற்காகப் பேரவைப் படியேறிப் படியேறி அவள் குதிகால் வெடித்தது. சங்கத்துக்குப் பேரவையில் ஓர் இருக்கை கிடைத்தது. இருக்கைக்கு ஒரு சின்னமும் மதியச் சாப்பாடும் கிடைத்தன. அவளோடு வந்தவர்கள் மெல்ல மெல்ல எழுத்தில் புலிகளானார்கள். வல்லினம் எது, இடையினம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னார்கள். கஷாயத்தைப் பற்றிப் பேச ஒருநாளும் நேரம் அமையவில்லை. முதலில் எழுத்து, பிறகு மற்றது என்று சங்கத் தீர்மானமே இருந்தது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு தேர்தலுக்கு முன்பாகத் திருத்தம் நிறைவேறியது. கல்லில் சின்ன ரவைக் கொத்தி எடுத்துவிட்டுப் பெரிய றவைச் செருகினார்கள். இடம் போதாமல் அது நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மேளம் வாசித்தார்கள். அமைச்சர் தன் கையால் அமராவதிக்கு மாலை போட்டார்.

அவள் மாலையைக்கூடக் கழற்றாமல் படகேறிக் கிழக்குக் கரைக்கு ஓடினாள். கோசலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது.

"மாத்திட்டாங்கடி. பெரிய ற போட்டாச்சு."

கோசலை சந்தோஷப்பட்டாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முழுசா... சொல்லு. கல்லுல... என்ன இருக்கு இப்ப?"

"சீக்கு வந்த எல்லாருக்கும் அரசு தவறாம அக்கறை காட்டும்."

கோசலை அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"காட்டும்னுதானக்கா... இன்னும் இருக்கு."

அமராவதி மறு கையால் மாலையைக் கழற்றினாள்.

"குடுக்கும்னு... கேட்டிருக்கணும் நீ" என்றாள் கோசலை. கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் அக்கா கணக்கைத் தப்பாகப் போட்டால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்புதான் இருந்தது. அமராவதி அழுதாள். அவளுக்கு அழ மூச்சு இருந்தது.

அதே நேரம் நடுத்திட்டில் ஒரு சிக்கல் எழுந்திருந்தது. பெரிய ற வந்துவிட்டதே, அலுவலர்கள் இனி எதைக் காட்டுவது? அமைச்சர் தலைமை எழுத்தரைக் கேட்டார்.

"அக்கறை என்பது கண்ணுக்குப் புலப்படாத பொருள். அதைக் காட்ட நம் அலுவலர்களுக்குப் பயிற்சி இல்லை" என்றார் எழுத்தர். "இப்போதைக்குக் கை அதே திசையில் இருக்கட்டும். முகத்தில் மட்டும் சற்று வாட்டம் சேர்க்கலாம்."

"செலவு?" என்றார் கருவூல அதிகாரி.

"வாட்டத்துக்குச் செலவில்லை."

கோசலை மழை பிடிப்பதற்கு முன்பே போய்விட்டாள். மூச்சு மதிப்பீட்டு மன்றம் தன் அடுத்த கூட்டத்தையும் ஒத்திவைத்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து மேற்குக் கரைக்குத் திரும்பிய அமராவதி, பொழுது சாயும் நேரம் பழக்கதோஷத்தில் கரைக்கு வந்தாள். அன்றைய கஷாயம் குப்பியோடு கையில் இருந்தது. எதிர்க்கரைப் படித்துறையில் யாரோ ஒரு நோயாளி குந்தியிருந்தார். அந்த நல்ல அலுவலர் புருவத்தைச் சுருக்கி, தலையைச் சற்றுச் சாய்த்து, முழுக் கையையும் நீட்டி அக்கரையைக் காட்டிக்கொண்டிருந்தார். கை நேராக அவளைக் காட்டியது. அவள் கையிலிருந்த குப்பியைக் காட்டியது. நோயாளி பார்த்தார். அமராவதியும் பார்த்தாள். இருட்டும்வரை அப்படியே இருந்தார்கள்.

கல் இன்னும் அங்கே இருக்கிறது. உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு கல் இருக்கலாம். இருந்தால், எந்த ர போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு அடுத்த சொல்லைப் படியுங்கள்.