திண்டிவனம் வரை பாயும் பீரங்கி

உலகக் கடற்படை வரலாற்றில் புதுச்சேரியின் சாரம் பகுதிக்கு இனி ஒரு தனி இடம் உண்டு. அமெரிக்கப் போர்க்கப்பல் நியூ ஜெர்சியின் பதினாறு அங்குலப் பீரங்கி, முசியே லூயியின் வீட்டு வாசலில் சென்ற ஞாயிறு காலை எட்டேகாலுக்கு வெற்றிகரமாக முழங்கியது. பீரங்கி பி.வி.சி. குழாய், மருந்து கார்பைடு என்பவையெல்லாம் வெறும் தொழில்நுட்ப விவரங்கள். சுற்றுச்சுவருக்கு அந்தப்பக்கம் குனிந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த மீன்காரி கண்ணகியின் இடது காது அதோடு அடைத்துப்போனதும் அப்படியொரு விவரம்தான்.

லூயி பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருடம் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். பதினெட்டும் சமையற்கட்டில். அதுவரை அவர் சுட்டது ரொட்டி மட்டும். அதனாலேயே பீரங்கிமேல் அவருக்கு மாசற்ற பக்தி. அவரும் அத்ரியானும் பாலகுருவும் சேர்ந்ததுதான் 'புதுவை போர்க்கப்பல் அபிமானிகள் கழகம்'. முறையே பொருளாளர், தலைவர், செயலாளர். உறுப்பினர் யாரும் இல்லை.

நியூ ஜெர்சியின் பணிப்பதிவேடு மூவருக்கும் மனப்பாடம். நான்கு தடவை ஓய்வு கொடுத்தார்கள். மூன்று தடவை திரும்ப அழைத்தார்கள். (லூயியை ஒரு தடவைகூட அழைக்கவில்லை.) கொரியா, வியட்நாம், லெபனான் என்று எந்தக் கரைக்கும் அது பாரபட்சம் காட்டியதில்லை. குண்டு ஒன்று ஆயிரத்து இருநூறு கிலோ. "நம்ம பீச்ல நின்னு போட்டா திண்டிவனத்துல வுழும்" என்று லூயி சொல்லும்போதெல்லாம் கழகம் எழுந்து நின்று கைதட்டும்.

ஞாயிறு மாலையே அவசரக் கூட்டம். முழக்கம் நெல்லித்தோப்பு வரை கேட்டதாகத் தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டு, தீர்மானமாகப் பதிவானது. கண்ணகி 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின்கீழ் வந்தாள். லூயியின் மனைவி ஓதெத் தேநீரை வைத்துவிட்டு, அவளைத் தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதையும், காது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். நாளைக்கு மீன் ஏலத்தில் அவள் எதைக் கேட்டு எதை எடுப்பாள் என்றும் கேட்டாள். கழகம் தேநீரைக் குடித்தது.

லூயி மட்டும் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். குண்டு வுழுந்த எடத்துல யாரு இருந்தாங்கன்னு எங்கியாவது போட்டிருக்கா?"

பாலகுரு கப்பலைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டினார். கேப்டன்கள் பெயர் இருந்தது. எந்த மாதம் எத்தனை குண்டு என்பது இருந்தது. மாலுமிகளுக்கு ஐஸ்கிரீம் இருந்ததுகூட இருந்தது.

"'இலக்கு'ன்னு போட்டிருக்கில்ல, முசியே? அப்புறம் என்னா?" என்றார் தலைவர் அத்ரியான். கூட்டம் இனிதே கலைந்தது.

மறுநாள் விடிந்ததும் லூயி வைத்திக்குப்பம் கரையில் நின்றார். ஏலக்காரர் கண்ணகிக்கு இடப்பக்கம். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பதற்குள் கவளை மீன் குவியல் வேறொருத்தி கூடைக்குப் போய்விட்டது. அடுத்து இறாலும் போனது. லூயி அவளுக்கு வலப்பக்கமாக நகர்ந்தார். பதினெட்டு வருட ராணுவ அனுபவத்தை முதன்முறையாகப் பயன்படுத்தி, ஏலக்காரர் கூவிய ஒவ்வொரு விலையையும் குனிந்து அவள் வலது காதில் சொன்னார். மூன்றாவது குவியல், நல்ல வஞ்சிரம், அவளுக்கு விழுந்தது.

அவள் நன்றி சொல்லவில்லை. மீன்மேல் ஐஸைத் தூவிக்கொண்டே, "கூட்டம் போட்டீங்களாமே. என்னாதான் பேசனீங்க?" என்றாள்.

பொய் சொல்ல வராததால் லூயி எல்லாவற்றையும் சொன்னார்: ஒன்பது பீரங்கி, ஆயிரத்து இருநூறு கிலோ, பீச்சிலிருந்து திண்டிவனம்.

"ஆனா திண்டிவனத்துல யாரு இருக்காங்கன்னு கேட்டா, கழகத்துல ஒருத்தருக்கும் தெரியல."

கண்ணகி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு இருக்கா, முசியே. ரெண்டு புள்ளைங்களோட."